ஒரு மிடறு துறைமுகம்

ரின்கோலாவில் மடவை மீனை யாரும் வாயில் வைப்பதில்லை. மற்ற துறைமுகங்களில் அது நல்ல மீன்தான், சுட்டுத் தின்னலாம், பொரித்துத் தின்னலாம். ஆனால் ரின்கோலா மடவை எங்கே மேய்கிறது என்பது ரின்கோலாக்காரர்களுக்குத் தெரியும். பாறைமுனைக்குக் கீழே, பாசி படிந்த ஓர் இரும்புக் குழாய் கடலைப் பார்த்து வாயைத் திறந்து கிடக்கிறது. நூற்று நாற்பது வீட்டுக் கழிப்பறைகளும், மாலக்கி ரோச்சின் நாற்பது அறை ஹோட்டலும் அந்த ஒரு வாய் வழியாகத்தான் கடலுக்குப் போய்ச் சேருகின்றன. மடவைகள் அங்கே கூட்டம் கூட்டமாய் நின்று கொழுக்கும்.

வியாழக்கிழமை காலை, படகு இறக்கும் சரிவில் டப்ளினிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் அப்படியொரு கொழுத்த மடவையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். அவர் மனைவி படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எலுமிச்சை வச்சு அடுப்புல சுட்டா எப்படி இருக்கும்?" என்று அந்தப் பக்கமாக வந்த நூலாவிடம் கேட்டாள்.

நூலா மீனிலிருந்து அரை அடி நகர்ந்து நின்றாள். "நல்லா இருக்கும்ங்க," என்றாள். "மேல கொஞ்சம் வெண்ணெய் போடுங்க."

இதுதான் ரின்கோலா. யாரும் யாருக்கும் பொய் சொல்ல மாட்டார்கள் என்று பெருமை பேசுவார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதில் மட்டும் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

நூலா டிவேன் ரின்கோலா பாய்ப்படகுக் கிளப்பின் செயலாளர். பதினோரு வருடமாக அந்த வேலை அவள் தலையில்தான். கணவன் நார்வேப் பக்கம் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கிறான். வீட்டில் அவளும் பதினைந்து வயது மகள் ப்ரோனாவும்தான். நூலாவின் சுத்தம் ஊர் அறிந்த விஷயம். கதவுப் பிடியைத் தொட்டால் கை கழுவுவாள், கை கழுவிய குழாயைத் தொட்டதற்காக மறுபடி கழுவுவாள். "நூலா வீட்டுக் கக்கூஸ்ல உக்காந்து டீ குடிக்கலாம்" என்று மதுக்கடை ஃபின்டன் சொல்லிச் சிரிப்பான். அவளுடைய மூக்கு அப்படிப்பட்ட மூக்கு. பக்கத்தில் நிற்பவர் நேற்று என்ன தின்றார் என்பதுவரை அதற்குத் தெரிந்துவிடும்.

அன்று அவள் சரிவுக்கு வந்தது ஒரு தாளை ஒட்டுவதற்காக. கடல் தண்ணீரைச் சோதிக்கும் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து: துறைமுக நீரில் மலக்கிருமி அளவுக்கு மீறியிருக்கிறது, யாரும் குளிக்கவோ விழுங்கவோ கூடாது. தாளை வாங்கி அறிவிப்புப் பலகையில் குத்துவது காலம் காலமாகக் கிளப் செயலாளரின் பொறுப்பு. நூலா ஒரு முனையில் ஊசியைக் குத்தி, இரண்டாவது ஊசியை எடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு தாளை உருவிக்கொண்டது.

"என்ன அவசரம் நூலா? மேல வா, டீ போட்டிருக்கு."

மாலக்கி ரோச். கிளப்பின் தலைவர். தலைவரைக் கமடோர் என்றுதான் அழைக்க வேண்டும். ஒரு துடுப்புப் படகைக்கூட நேராக ஓட்டத் தெரியாதவர் என்றாலும் பட்டம் பட்டம்தான், வெள்ளைத் தொப்பி வெள்ளைத் தொப்பிதான்.

கிளப் மாடியில் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். டீயும், ஹாம் வைத்த ரொட்டியும் இருந்தன. நூலா ரொட்டியைத் தொடவில்லை.

"விஷயம் ஒண்ணுமில்ல," என்று மாலக்கி ஆரம்பித்தார். "குழாய் மதகு கெட்டுப் போச்சு. கடல் ஓதம் இறங்கி வெளிய போகும்போது மட்டும் திறக்கணும். இப்ப திறந்தே கிடக்கு. ஏறும்போதும் வருது."

"உள்ள வருதா?" என்றாள் நூலா. "துறைமுகத்துக்குள்ளயா?"

"கொஞ்சம் வரும். சாமான் டப்ளின்ல இருந்து வரணும். செவ்வாய்க்கிழமை வந்துடும்னாங்க. அன்னிக்கே நீ தாளை ஒட்டிக்கோ, நாலு ஊசியும் குத்திக்கோ. யாரு வேணாங்கறா? ஞாயித்துக்கிழமை ரெகாட்டா. என் ஹோட்டல்ல ஒரு ரூம் காலி இல்ல. ஃபின்டன் இருபது பீப்பா இறக்கி வச்சிருக்கான். மஞ்சத் தாளைப் பார்த்தா ஒருத்தன் நிப்பானா?"

"ஓதம் எடுத்துட்டுப் போயிடும்," என்றான் ஃபின்டன்.

ரின்கோலாவின் வேதவாக்கு அது. செத்த கடல்நாய் கரையில் ஒதுங்கினாலும், யாராவது பழைய மெத்தையைப் பாறையிலிருந்து உருட்டிவிட்டாலும், ஊர் சொல்லும்: ஓதம் எடுத்துட்டுப் போயிடும். ஓதம் எடுத்துப் போனதையெல்லாம் ஆறு மணி நேரத்தில் திருப்பிக் கொண்டு வரும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

"பிள்ளைங்க ரேஸ் இருக்கே," என்றாள் நூலா. "ஜெயிக்கற பிள்ளை குடிக்கணுமே."

எல்லோரும் டீயைப் பார்த்தார்கள்.

ரெகாட்டா என்கிற அந்தப் படகுத் திருவிழாவில் பதினாறு வயதுக்குட்பட்டோர் பந்தயத்தில் ஜெயிக்கிற பிள்ளைக்கு, கமடோர் வெள்ளிக் கோப்பையில் துறைமுகத் தண்ணீரை மொண்டு கொடுப்பார். ஊர் பார்க்க ஒரு மிடறு குடிக்க வேண்டும். குடித்தவருக்கும் அவரைப் பெற்றவர்களுக்கும் துறைமுகச் சுவரோரம் இருக்கும் நீளப் பெஞ்சில் உட்காரும் உரிமை ஆயுள் முழுக்க உண்டு. குடிக்காதவர் கோடீஸ்வரராக இருந்தாலும் நிற்க வேண்டியதுதான். ஊரில் எத்தனை வருடம் இருந்தாலும் குடிக்காதவர், குடித்த பிள்ளையைப் பெறாதவர், காற்றடித்து வந்த வெளியாள் கணக்கில்தான்.

"ஒரே ஒரு மிடறு," என்றான் ஃபின்டன். "எழுபத்தொம்போதுல நான் குடிச்சேன். என்னைப் பாரு, எனக்கு என்ன கொறைச்சல்?"

பார்த்தார்கள். மூக்கில் ஊதா நரம்பு, மேசையில் இடிக்கும் தொந்தி, மூச்சு வாங்கும் நெஞ்சு. வாதம் எடுபடவில்லை. இருந்தாலும் சிரித்தார்கள். சிரித்ததும் எல்லாம் லேசாகிவிட்டது.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் இந்த அறையை விட்டுப் பேச்சு வெளிய போகக் கூடாது. சம்மதிக்கறவங்க கையைத் தூக்குங்க," என்றார் மாலக்கி.

நான்கு கைகள் எழுந்தன. நூலா ஒரு கணம் யோசித்தாள். ஜூன் மாதம் ப்ரோனாவுக்கு மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்தது. அவள் இந்த வருடம் ஓட்டப் போவதில்லை. இந்த நினைப்பு எவ்வளவு சீக்கிரம் வந்தது என்பதும், வந்ததும் எவ்வளவு சுகமாக இருந்தது என்பதும் நூலாவுக்குப் பிறகு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. கையைத் தூக்கினாள். தாளை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய், சமையலறையில் ரப்பர் கையுறைகள் வைக்கும் இழுப்பறையில் போட்டாள். பிறகு மூன்று தரம் கை கழுவினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ப்ரோனா கதவைக் காலால் உதைத்துத் திறந்துகொண்டு வந்தாள். வெளுத்துச் சூம்பிய இடது கையைத் தலைக்கு மேல் ஆட்டினாள்.

"அம்மா! கட்டு அவுத்தாச்சு! தாராளமா ஓட்டலாம்னுட்டாரு டாக்டர். பேர் கொடுத்துட்டேன்!"

நூலாவின் கையிலிருந்த தட்டு தொட்டியில் நழுவியது.

"வேணாம்," என்றாள்.

"என்ன வேணாம்?"

"கை இன்னும் பலமாகல. பாய்க் கயித்தை இழுத்துப் பிடிக்க முடியாது. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"அடுத்த வருஷம் எனக்குப் பதினாறும்மா! இதான் கடைசி. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. ஏழு வயதிலிருந்து அந்தப் பெண் அந்தக் கோப்பைக்காகவே காற்றிலும் மழையிலும் கிடந்தவள். இழுப்பறை நூலாவின் இடுப்பருகே இருந்தது. திறந்து தாளை எடுத்து நீட்டினால் முடிந்தது. ஆனால் ப்ரோனாவின் வாயில் எதுவும் தங்காது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவும். கையைத் தூக்கிவிட்டு வாக்கை மீறினாள் செயலாளர் என்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் காலம் முழுக்கப் பேசுவார்கள். ரின்கோலாவில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

"தோத்துப் போயிடுவே," என்றாள் நூலா. "அவமானமா இருக்கும். அதான் சொல்றேன்."

ப்ரோனா கையைக் கீழே இறக்கினாள். "நான் தோக்கணும்னு நீ ஆசைப்படற மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

உண்மைதான். அந்த நிமிடத்திலிருந்து நூலாவுக்கு உலகத்தில் வேறு ஆசையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. வருடத்தில் பத்து நாள் அடிக்கும் வெயில், அன்று பார்த்து அடித்துத் தொலைத்தது. கொடி கட்டிய பாய்ப்படகுகளால் துறைமுகம் நிரம்பியிருந்தது. ஐஸ்கிரீம், பியர், வெயில் கிரீம், அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை. வெளியூர்க்காரர்கள் "கடல் வாசனை, கடல் வாசனை" என்று நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டின் கீழ்ப்படியில் பழுப்பு நுரை ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்றது. நூலா கைக்குட்டையில் புதினாத் தைலம் தெளித்து மூக்கில் வைத்துக்கொண்டாள். மேல்துறையில் சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் குதித்து, வாயில் தண்ணீரை நிரப்பி ஒருவர் மேல் ஒருவர் துப்பினார்கள். அவள் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

முடிவுக் கோட்டில் நேரம் குறிப்பது அவள் வேலை. பக்கத்தில் வந்து நின்றாள் டைவா. லிதுவேனியாக்காரி. எட்டு வருடமாக இங்கே மீன் தொழிற்சாலையில் கானாங்கெளுத்தியின் குடலை எடுக்கிறாள். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாடை அவளை விட்டுப் போகாது, அதனால் கிளப்பில் அவள் அருகே வந்தால் நூலா எப்போதும் அரை அடி நகர்ந்து நிற்பாள். டைவாவின் மகள் எக்லே, ப்ரோனாவின் வகுப்புத் தோழி. போன வருடம்தான் கிளப்பில் சேர்ந்தாள். கட்டுப் போட்ட கையோடு இந்தக் கோடை முழுக்கத் துறைச் சுவரில் உட்கார்ந்துகொண்டு அவளுக்குப் படகு ஓட்டக் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தவள் ப்ரோனாதான்.

"ரொட்டி கொண்டு வந்தேன். கறுப்பு ரொட்டி. சாப்பிடறியா?" என்று டைவா ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"இப்பத்தான் சாப்பிட்டேன்," என்று நூலா அரை அடி நகர்ந்தாள்.

துப்பாக்கி வெடித்தது. எட்டு ஒற்றைப் பாய்ப் படகுகள் கிளம்பின. தீவைச் சுற்றி, சிவப்பு மிதவையைச் சுற்றி, துறைக்குத் திரும்ப வேண்டும். தீவைக் கடந்தபோது ப்ரோனா முன்னால் இருந்தாள். சிவப்பு மிதவையில் இன்னும் முன்னால். கை சூம்பியிருந்ததால் கயிற்றைப் பல்லில் கடித்துப் பிடித்து உடம்பை வெளியே சாய்த்துக்கொண்டு அவள் வந்த வருகையைப் பார்த்துத் துறை முழுக்கக் கூவியது. கருவிலேயே படகு ஓட்டக் கற்றவள் என்றார் யாரோ. நூலா தூரக்கண்ணாடியைக் கண்ணில் அழுத்தி வைத்துக்கொண்டு வேண்டினாள். மாதாவே, என் பிள்ளை தோற்கட்டும். கயிறு அறுந்து போகட்டும், சுக்கான் உடையட்டும், ஏதாவது நடக்கட்டும்.

ரின்கோலாப் பிள்ளைகள் எல்லோரும் பாறைமுனையை நூறு கெஜம் தள்ளி, அகலமாக வளைத்துக்கொண்டுதான் வருவார்கள். ஏழு வயதில் கற்றுக்கொடுப்பது அது. ஏன் என்று கேட்டால் "அங்க போகாதே, அவ்வளவுதான்" என்பார்கள். முகத்தில் அந்தத் தண்ணீர் தெறிக்கும் என்று வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் நாக்கு வராது. ப்ரோனாவும் வழக்கம்போல் அகலமாக வளைத்தாள். இரண்டாவதாக வந்த எக்லே வளைக்கவில்லை. பாறையை உரசிக்கொண்டு நேராக வந்தாள்.

"அடக் கடவுளே, அந்தப் பொண்ணு குழாய்கிட்டயே போறாளே!" என்றான் ஃபின்டன். "அவகிட்ட யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. ப்ரோனாவுக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் சொல்வார்கள்? பாறைமுனையிலிருந்து இறங்குகிற காற்று, அத்தனை வருடம் யாரும் தொடாமல் விட்ட காற்று, எக்லேயின் பாயை நிரப்பியது. பழுப்புத் தண்ணீர் அவள் முகத்தில் அடித்தது. நாக்கை நீட்டி உதட்டை நக்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தாள். முடிவுக் கோட்டில் ஒரே ஒரு படகு நீளத்தில் ஜெயித்தாள்.

"அப்பாடா," என்றாள் நூலா.

வாய்விட்டு, உரக்கச் சொல்லிவிட்டாள். கண்ணில் நீர்கூட வந்துவிட்டது. அடுத்த கணம் டைவா அவளை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நல்லவ, நூலா! உன் பொண்ணு தோத்துட்டா. என் பொண்ணுக்காக நீ அழற!"

மீன்வாடை நூலாவின் முகம் முழுக்க அப்பிக்கொண்டது. அரை அடி நகர வழியில்லை. தன் மேலேயே அவளுக்கு அப்படியொரு அருவருப்பு ஏற்பட்டது. ஆனாலும் அந்த நிம்மதி போகவில்லை. அதுதான் அசிங்கம். அது அங்கேயே வயிற்றில் வெதுவெதுப்பாக உட்கார்ந்திருந்தது.

படிக்கட்டருகே கூட்டம் வட்டம் கட்டியது. மாலக்கி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "இந்த வருஷம் நம்ம துறைமுகத்துக்கு ஒரு புதுப் பொண்ணு! எட்டு வருஷமா நம்மகூட இருக்காங்க. இன்னியிலிருந்து நம்மவங்க!" என்று முழங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். டைவா பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் சற்று ஒதுங்கி இடம் விட்டார். டைவா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாலக்கி கீழ்ப்படியில் குனிந்து கோப்பையை முக்கினார். நுரையை ஒதுக்கிவிட்டு மொண்டார். நிமிரும்போது கோப்பைக்குள் பார்த்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுண்டுவிரலை உள்ளே விட்டு எதையோ எடுத்துச் சுண்டி எறிந்தார். விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். நூலா பார்த்துவிட்டாள். ஃபின்டனும் பார்த்தான். கமிட்டியின் மற்ற இரண்டு பேரும் பார்த்தார்கள். நான்கு பேரும் தங்கள் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சொல், என்றது நூலாவின் மனம். இப்போது சொல். உன் பிள்ளை தப்பித்துவிட்டது, இனி உனக்கு என்ன பயம்? அதே மனம் உடனே பதிலும் சொன்னது: ஒரு மிடறுதான். மீன் குடல் எடுக்கிறவர்களுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும். பாவம், பெஞ்சில் இடம் கிடைக்கப்போகிற நேரத்தில் ஏன் கெடுக்க வேண்டும்?

நல்லவள் அல்லவா, அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

எக்லே கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினாள். ஒரு மிடறோடு நிறுத்தவில்லை. மூன்று மிடறு, தொண்டை ஏறி இறங்குவது தெரியக் குடித்தாள். "உப்பு!" என்று கத்தினாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. நூலாவின் கைகளும் தட்டின.

எக்லே கூட்டத்தை விலக்கிக்கொண்டு ப்ரோனாவிடம் வந்தாள். "இவளும் குடிக்கணும்! எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தது இவதான். பாதி இவளுது!"

"ஆஹா!" என்றது கூட்டம். அழுது சிவந்திருந்த ப்ரோனாவின் முகம் மலர்ந்தது. கோப்பையை வாங்கினாள். வாயருகே கொண்டுபோனாள்.

"குடிக்காதேடி! அதுல பீ இருக்கு!"

நூலாவின் குரல் துறைமுகம் முழுக்கக் கேட்டது. ஐஸ்கிரீமோடு நின்ற டப்ளின்காரி கணவனைப் பார்த்தாள். கணவன் மடவையை நினைத்துக்கொண்டானோ என்னவோ, முகம் வெளுத்தது.

"நூலா, வெயில்ல நின்னு உனக்கு மயக்கம்," என்றார் மாலக்கி.

"மயக்கமெல்லாம் இல்ல. மதகு கெட்டிருக்கு. தாள் வந்திருக்கு. குடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. குடுடி அதை!"

ப்ரோனா கோப்பையைக் கொடுக்கவில்லை. "தாள் எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள்.

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை," என்று டைவா திருப்பிச் சொன்னாள். அவள் கூட்டத்தின் முன்னால் வந்து நின்றாள். கோபமாகக்கூட இல்லை, கணக்குப் போடுகிறவள் போலப் பேசினாள். "என் பொண்ணு குடிச்சப்போ உனக்குத் தெரியும். நீ கை தட்டின. நான் பார்த்தேன்."

"நான் மட்டும் இல்ல டைவா, நாங்க அஞ்சு பேரும் சேர்ந்துதான்..." என்று நூலா திரும்பினாள். ஃபின்டன் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற இருவரையும் காணவே காணோம்.

"உன் பொண்ணுகிட்ட கோப்பை வந்ததும்தான் உனக்கு வாய் வந்தது," என்றாள் டைவா.

ப்ரோனா தாயை ஏற இறங்கப் பார்த்தாள். நூலாவுக்கு அந்தப் பார்வை தெரியும். சரிவில் செத்துக் கிடக்கும் எதையாவது பார்க்கும்போது அவளே பார்க்கும் பார்வைதான் அது. பிறகு ப்ரோனா, பயந்துபோய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற எக்லேயைப் பார்த்தாள். கோப்பையைத் தூக்கினாள்.

"ப்ரோனா, வேணாம்!"

மீதியை முழுக்கக் குடித்தாள். காலிக் கோப்பையைத் தாயின் கையில் வைத்துவிட்டு, எக்லேயின் தோளில் கை போட்டு அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையிலேயே இரண்டு பேருக்கும் தொடங்கிவிட்டது. துறையில் குளித்த சின்னப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கும் சேர்த்து டாக்டர் வீடு வீடாக அலைந்தார். ஊர் கொதித்தது உண்மை. ஆனால் நூலா மறைத்தாள் என்று யாரும் கொதிக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாளே என்றுதான் கொதித்தார்கள். கடைக்குப் போனால் பேச்சு நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களை ஊர் மன்னித்துவிட்டது, சோற்றைக் கிளறியவளைத்தான் மன்னிக்கவில்லை. பெஞ்சில் மாலக்கி எப்போதும்போல உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை, பேசி வைத்தபடி, நூலா தாளை எடுத்துப் போய் நான்கு ஊசியும் குத்தி ஒட்டினாள். வீட்டுக்கு வந்தபோது ப்ரோனா குளியலறைத் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நூலா கூந்தலைப் பிடித்துக்கொள்ளப் போனாள்.

"தொடாதே," என்றாள் ப்ரோனா. மூச்சு வாங்கிக்கொண்டு, "எக்லேக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"தெரியல."

"போய்ப் பாரு. காஸ் போன செவன் அப் எடுத்துட்டுப் போ. வயித்துக்கு அதான் மருந்துன்னு அவங்க ஊர்ல தெரியாது."

நூலா ஒரு பாட்டிலைத் திறந்து, கரண்டியால் கலக்கிக் கலக்கிக் குமிழியெல்லாம் போனதும் எடுத்துக்கொண்டு போனாள். டைவாவின் வீடு பழைய வலைக்கிடங்கின் மாடியில் இருந்தது. கதவு திறந்தது. மீன்வாடை இல்லை. இது வேறு வாடை, புளித்த, சூடான வாடை. கைக்குட்டையை எடுக்கப் போன நூலா டைவாவின் கண்ணைப் பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டாள்.

டைவா பாட்டிலை வாங்கி மேசையில் வைத்தாள். உள்ளே போய், விளிம்பு வரை நிறைந்த ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டு வந்து நூலாவின் கையில் கொடுத்தாள்.

"ரெண்டு நாளா நான் தூங்கல," என்றாள். "ஊத்திட்டு வா. அந்தக் கதவு."

வாளி வெதுவெதுப்பாக இருந்தது. அடியெடுத்து வைக்கும்போது தளும்பி, விரலில் பட்டது. நூலா மூச்சை அடக்கிக்கொண்டு போனாள், பிறகு அடக்க முடியாமல் இழுத்தாள். கழிப்பறையில் குனிந்து ஊற்றினாள். கைப்பிடியை அழுத்தினாள். தண்ணீர் சுழன்று, எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, குழாயில் கடகடவென்று இறங்கியது. எந்த வழியாக, எங்கே போகிறது என்று அவளுக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். சின்ன ஜன்னலுக்கு வெளியே துறைமுகம் தெரிந்தது. ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. மதகுச் சாமான் டப்ளினிலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை.

"வாளியைக் கழுவி எடுத்துட்டு வா," என்று உள்ளேயிருந்து டைவா கூப்பிட்டாள். "அவளுக்கு மறுபடி வருது."